யாருடைய வகுப்புப் பிள்ளைகள்

அந்தப் பாடசாலைக்கு நான் மாற்றலாகிப் போன இரண்டாவது வாரம், ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று தமிழ்ப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பாடத்தை ஒரு தடக்கலும் இல்லாமல் வாசித்தாள். கணீரென்ற குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், கேள்விக்குறி வந்த இடத்தில் குரலை உயர்த்தினாள். சந்தோஷத்தில் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அப்போதுதான் கண்டேன், அவள் விரித்து வைத்திருந்தது பதினான்காம் பாடம்.

கரும்பலகையில் 'குளக்கட்டு' என்று எழுதி, வாசிக்கச் சொன்னேன். அவள் சற்று முன் வாசித்த பாடத்தில் நாலைந்து முறை வருகிற சொல் அது. பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அது இன்னும் படிப்பிக்கேல்லை, ரீச்சர்."

அன்றைக்கு மற்றப் பாடங்களை எல்லாம் விட்டுவிட்டு, வகுப்பில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டேன். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. சிலருக்கு எழுத்துகள் தெரியும், எழுத்தோடு கொம்பு, விசிறிக் குறிகள் சேர்ந்தால் தெரியாது. இரண்டு பேருக்கு எழுத்தே தெரியாது. இவர்கள் எல்லாரும் அரிவரி என்கிற முதல் வகுப்பிலிருந்து வருடம் தவறாமல் வகுப்பேறி வந்தவர்கள். வரவு இடாப்பில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. கிளிநொச்சிப் பக்கத்தில், குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் காணி கொடுத்த குடியேற்றம் ஒன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள்தான் அநேகம். பாடசாலை என்றால் கிடுகு வேய்ந்த ஒரே நீள மண்டபம், இடுப்பளவு சுவர், வகுப்புகளுக்கு நடுவே தட்டி கூட இல்லை. ஆசிரியர்கள் நாலு பேர். தலைமையாசிரியர் வகுப்பு எடுப்பதில்லை. அரிவரியும் இரண்டாம் வகுப்பும் ஒரு ரீச்சரிடம். மூன்றையும் நாலையும் ஒரு மாஸ்ரர் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு எனக்கு. ஒருவர் தும்மினால் எல்லா வகுப்புக்கும் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில், பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டு தலைமையாசிரியரின் மேசைக்கு ஓடினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உது எனக்குத் தெரியாதோ, தங்கச்சி? உவையள் அப்பிடித்தான்."

"அப்ப என்ன செய்யிறது, சேர்?"

"நாலாம் வகுப்பில என்ன நடந்தது எண்டு மாஸ்ரரைக் கேளும்."

மாஸ்ரரைக் கேட்டேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நன்றாகப் படித்தவர், சளைக்காமல் படிப்பிக்கிறவர். "என்னட்டை வரேக்கையே அவையளுக்கு எழுத்துத் தெரியாது. நான் நாலாம் வகுப்புப் பாடம் படிப்பிக்கிறதோ, அரிவரி படிப்பிக்கிறதோ? கீழ கேளும்" என்றார். கீழே கேட்டேன். அரிவரி ரீச்சர் அழுகிற மாதிரி ஆகிவிட்டா. "அறுபது பிள்ளையளோட நான் ஒருத்தி. காலபோக வெள்ளாமை வந்தால் பாதிப்பேர் குருவி கலைக்கப் போயிடுவினம். தாய் தேப்பனைக் கேளுங்கோ." தாய் தகப்பன்மாரைக் கேட்டேன். அவர்கள் காய்ச்சலைச் சொன்னார்கள், காட்டைச் சொன்னார்கள், தலைவிதியைச் சொன்னார்கள். கடைசியில் ஒரு தாய், "படிப்பிக்கிறது நீங்கள்தானே, ரீச்சர்?" என்று கேட்டா. ஒரு கிழமையில் முழு வட்டமும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பள்ளி விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் மேலதிக வகுப்பு வைத்தேன். மூன்றாம் நாள் மிஞ்சியிருந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் ஏற்கெனவே நன்றாக வாசிக்கத் தெரியும். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்தான் தூரத்து வாய்க்கால் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் கூட்டமாகச் சேர்ந்துதான் வீட்டுக்கு நடக்க வேண்டும். தனியே விட்டால் யானைப் பயம். போனவுடன் மாடு பார்க்கவும் தண்ணீர் அள்ளவும் ஆள் வேண்டும். எனக்குக் கெட்டித்தனம் குறைவு என்பதால், இதை விளங்கிக்கொள்ள இரண்டு மாதம் எடுத்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே எதைச் செய்தாலும் அது தேவையில்லாத பிள்ளைக்குத்தான் போய்ச் சேரும். பள்ளி நேரத்துக்குள் செய்வதென்றால் நான் ஒருத்தி போதாது. நாலு பேரும் சேர வேண்டும்.

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்த் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் முதற்பாட வேளையில் வகுப்பு என்ற கணக்கே இருக்கக் கூடாது. எழுத்துத் தெரியாதவர்கள் எல்லாரும், அவர்கள் இரண்டாம் வகுப்பானாலும் ஐந்தாம் வகுப்பானாலும், ஒரு இடத்தில். எழுத்துத் தெரிந்து கொம்பு விசிறி தெரியாதவர்கள் இன்னொரு இடத்தில். சொல் சொல்லாகத் தட்டித் தடவி வாசிப்பவர்கள் மூன்றாவது இடத்தில். நன்றாக வாசிப்பவர்கள் நாலாவது இடத்தில். ஆளுக்கு ஒரு கூட்டம். கிழமைக்கு ஒருமுறை நாலு பேரும் கூடி, யார் தேறினார்கள், யார் தங்கிவிட்டார்கள், ஏன் என்று பார்ப்பது.

அவர் இரண்டு தரம் வாசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனா நாலு கூட்டமெண்டால் நானும் ஒண்டு எடுக்கவேணுமே?"

"ஓம், சேர்."

"வித்தியாதரிசி ஐயா பள்ளிக்கூடம் பாக்க வந்தால் என்ன சொல்லுறது? நேரசூசியில உது இல்லையே."

தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அது அங்கே இரண்டு மாதம் கிடந்தது. நான் கேட்கும்போதெல்லாம், "பாப்பம், தங்கச்சி" என்றார். 'பாப்பம்' என்ற சொல்லை இப்போதும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அந்த லாச்சியைத் திறக்க வைத்தது என் கெட்டித்தனமல்ல. ஒரு காலை, பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, சேற்றுக் காலோடு மண்டபத்துக்குள் வந்தார். பன்னிரண்டாம் பாடத்தை மனப்பாடமாகச் சொன்ன அந்தப் பிள்ளையின் தகப்பன். பிள்ளை பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

"ஆரிங்க பெரிய வாத்தியார்? அஞ்சு வரியமா இவளுக்கு என்னத்தைப் படிப்பிச்சனீங்கள்?"

நடந்தது இதுதான். வாய்க்காலில் தண்ணீர் முறைவைத்து விடும் நாட்களை எழுதிக் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இவருக்கு வாசிக்கத் தெரியாது. மகளைக் கூட்டிக்கொண்டு போய், எங்கள் வாய்க்காலுக்கு என்றைக்கு என்று கேட்டிருக்கிறார். அதில் 'வியாழன்' என்று இருந்தது. பிள்ளைக்கு 'வ' தெரியும். தெரிந்ததை வைத்து 'வெள்ளி' என்று சொல்லிவிட்டாள். அவர் வெள்ளிக்கிழமை விடியப் போய்ப் பார்த்தால் வாய்க்கால் கதவு பூட்டிக் கிடக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்பதால், அடுத்த முறைக்கு இன்னும் ஒன்பது நாள். பயிர் மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது.

"நான் கைநாட்டு. அதுக்காகத்தானே இவளை இஞ்ச அனுப்பினனான்? தெரியாதெண்டு சொல்லியிருந்தால் வாய்க்கால் ஓவசியரை எண்டாலும் கேட்டிருப்பன். கல்விக் கந்தோருக்குப் பெட்டிசம் எழுதுவிப்பன், சொல்லிப்போட்டன்!"

பிள்ளை அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் புத்தகப் பக்கத்தை மாற்றி விரித்ததைக் கண்டு மாதக்கணக்காகியும் அவளுக்கென்று நான் ஒன்றும் செய்திருக்கவில்லை.

பெட்டிசம் என்ற சொல் தலைமையாசிரியரிடம் வேலை செய்தது. அன்று பின்னேரமே தாளை வெளியே எடுத்தார். "திங்கட்கிழமை தொடங்குவம். ஆனா வித்தியாதரிசி ஐயா கேட்டால் நீர்தான் பதில் சொல்லவேணும்" என்றார்.

திங்கட்கிழமை தொடங்கவில்லை. யார் எந்தக் கூட்டத்தை எடுப்பது என்பதில் முதற் சண்டை. எல்லாருக்கும் நன்றாக வாசிக்கிற கூட்டம்தான் வேண்டும். மாஸ்ரர், "நான் பயிற்றப்பட்ட ஆசிரியன், 'அ'னாவுக்குச் சுழி போடக் காட்டுறதுக்கு எனக்கு என்ன விசரோ?" என்று கேட்டார். அரிவரி ரீச்சர், "நாள் முழுக்க நான் அதைத்தானே செய்யிறன், ஒரு மணித்தியாலமாவது பெரிய பிள்ளையளைத் தாருங்கோவன்" என்றா. அதில் நியாயம் இருந்தது. எழுத்துத் தெரியாத கூட்டத்தை நான் எடுத்தேன். அரிவரி ரீச்சர் தட்டித் தடவி வாசிப்பவர்களை எடுத்து, தலைமையாசிரியருக்கென்று ஒதுக்கிய கொம்பு விசிறிக் கூட்டத்தையும் பெரும்பாலும் அவவே பார்த்தா. மாஸ்ரர் நன்றாக வாசிப்பவர்களை எடுத்து, அவர்களைத் தாமே வாசிக்கச் சொல்லிவிட்டுப் பத்திரிகை படித்தார். அவர் கூட்டத்துக்கு அது பெரிய தீங்கு செய்யவில்லை என்பதை எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது சண்டை, கூடிப் பேசுகிற நாள். வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மாஸ்ரருக்கு யாழ்ப்பாணம் போகிற பஸ். அதை விட்டால் பரந்தன் சந்தி வரை நடை. திங்கட்கிழமைக்கு மாற்றினோம். திங்கள் காலை பஸ் பிந்தியது. கடைசியில் புதன்கிழமை இடைவேளையில், தேத்தண்ணி குடிக்கிற பதினைந்து நிமிடத்தில் என்று முடிவாயிற்று. நாலு கோப்பையும் நாலு கொப்பியுமாக உட்காருவோம். ஒரு கொப்பியில் பிள்ளையின் பெயருக்கு நேரே என்ன தடுக்கிறது என்று எழுத வேண்டும். முதல் மாதம் மாஸ்ரர் எல்லாப் பெயருக்கும் நேரே 'கவனம் போதாது' என்றே எழுதியிருந்தார்.

"இது என்ன, மாஸ்ரர்?"

"உண்மையைத்தான் எழுதியிருக்கிறன்."

மூன்றாவது சண்டையை நான் எதிர்பார்க்கவே இல்லை. சேற்றுக் காலோடு வந்த அதே தகப்பன், மூன்று கிழமை கழித்து மறுபடியும் வந்தார். இந்த முறை கால் சுத்தமாக இருந்தது. கோபம் அதே கோபம்.

"அஞ்சாம் வகுப்புப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சின்னப் பிள்ளையளோட இருத்தி வைச்சிருக்கிறியளாம். ஊர் சிரிக்குது. அவள் பெரிய பிள்ளையாகப் போறவள்."

நான் அவரைவிடப் பெலத்துக் கத்திவிட்டேன். "படிப்பிக்காட்டிலும் பிழை, படிப்பிச்சாலும் பிழையோ? வெள்ளிக்கும் வியாழனுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவளை இன்னும் எவ்வளவு காலத்துக்கு அஞ்சாம் வகுப்பு எண்டு சொல்லிக்கொண்டிருக்கப் போறியள்?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவளோடு சேர்ந்து அந்த வாய்க்கால் பக்கத்துப் பெரிய பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் வராமல் விட்டார்கள். நான் சொன்னது சரிதான். சரியாக இருந்து என்ன? கூட்டத்தில் அவள் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

புதன்கிழமை தேத்தண்ணிக்கு உட்கார்ந்தபோது, தலைமையாசிரியர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வராமல் நிண்ட நாலு பிள்ளையளையும் என்ரை அறைக்குள்ள விடும். கதவைச் சாத்திப்போட்டு நான் படிப்பிக்கிறன். வெளிய ஆரும் கேட்டால், பெரிய பிள்ளையள் எனக்கு இடாப்பு எழுத உதவி செய்யினம் எண்டு சொல்லுவம்."

அறை என்றது மண்டபத்து மூலையில் பலகை அடித்த சின்ன இடம். ஒரு அலுமாரி, ஒரு மேசை, இரண்டு கதிரை. அவரே சைக்கிளில் அந்த நாலு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது; பிள்ளைகள் வந்தார்கள். பல வருடமாக வெண்கட்டி பிடிக்காத அந்த மனிதர், இடாப்பையே பாடப் புத்தகமாக்கினார். உன் பெயரை வாசி, உன் தம்பியின் பெயரை வாசி, இந்தப் பெயரில் எங்கே கொம்பு இருக்கிறது, அந்தப் பெயரில் எங்கே விசிறி இருக்கிறது என்று நடத்தினார். எனக்கு அது தோன்றவில்லை. என்னுடைய கூட்டத்தில் நான் இன்னும் 'படம், பட்டம்' என்று அடித்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு தவணை அந்த அறைக்குள் இருந்தாள். அந்த வருட முடிவில் சங்கக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை எல்லாம், ஒன்றும் விடாமல், நின்று நின்று வாசித்தாளாம். அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. தகப்பன் நிறுத்திவிட்டார். அதற்கும் ஒரு சண்டை பிடித்தேன், அதில் தோற்றேன்.

வித்தியாதரிசி வந்தது இரண்டாம் தவணையில், முன்னறிவித்தல் இல்லாமல், சரியாக முதற்பாட வேளையில். நாலாம் வகுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் கலந்து இருந்தார்கள். அவர் சுவரில் தொங்கிய நேரசூசியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"நாலாம் வகுப்புக்கு இப்ப கணக்குப் பாடம். கணக்கு எங்க நடக்குது?"

நான் முன்னால் போனேன். கூட்டங்களைச் சொன்னேன், கொப்பிகளைக் காட்டினேன், அந்தத் தவணைத் தொடக்கத்தில் எழுத்துத் தெரியாதிருந்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொன்னேன். பிள்ளை வாசித்தது. அவர் அதைக் கேட்கவே இல்லை.

"அது நல்லதுதான், ரீச்சர். நான் கேட்டது கணக்கு எங்க எண்டு."

சம்பவப் புத்தகத்தில், 'நேரசூசி பின்பற்றப்படவில்லை, உடனடியாகத் திருத்தப்பட வேண்டும்' என்று எழுதி ஒப்பமிட்டுவிட்டுப் போனார். தலைமையாசிரியர் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று ஜீப் வரைக்கும் கூடப் போனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இத்தனை சண்டைக்குப் பிறகு ஒரு கணக்குப் பாடத்துக்காக எல்லாம் போகிறதே என்று, பிள்ளைகளுக்கு முன்னால் முகத்தைக் காட்ட முடியாமல் கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது தலைமையாசிரியர் கதிரையில் ஏறி நின்று நேரசூசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேசையில் விரித்து, அடிமட்டம் வைத்துப் புதிதாகக் கோடு போட்டார். எல்லா வகுப்புக்கும், எல்லா நாளும், முதற்பாடத்துக்கு நேரே ஒரே சொல்லை எழுதினார்: 'வாசிப்பு'. நாலாம் வகுப்புக் கணக்கை மூன்றாவது பாடத்துக்குத் தள்ளினார்.

"திருத்தச் சொன்னவர். திருத்தியாச்சு."

கால் மணித்தியால வேலை. முதல் நாளே, அந்தத் தாளை லாச்சிக்குள் வைப்பதற்குப் பதிலாக, இதைச் செய்திருக்கலாம். கேட்டேன். "அப்ப ஆரும் கேக்கேல்லையே, தங்கச்சி" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வருட முடிவில் எழுத்துத் தெரியாத கூட்டத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். முன்பென்றால் அந்த மூன்று பேரும் கூட்டத்தோடு கூட்டமாக வகுப்பேறியிருப்பார்கள், ஒருவருக்கும் தெரிந்திராது. இப்போது ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த மூன்று பெயரும் எங்கள் கோப்பைகளுக்கு நடுவில் கிடந்தன. அவர்களில் ஒருத்தி மூன்றாம் வகுப்பு. மெலிந்த, எப்போதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. நான் பலகைப் பக்கம் திரும்பி நின்று கேள்வி கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள். மந்தம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கொப்பியிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

நான் காய்ச்சலில் படுத்த இரண்டு நாள் அரிவரி ரீச்சர் என் கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தா. அவவுக்கு அப்போது பல்வலி. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு படிப்பித்திருக்கிறா. நான் திரும்பி வந்ததும் தனியாகக் கூப்பிட்டா.

"ரீச்சர், அந்தப் பிள்ளைக்குக் காது கேக்கிறேல்லை. வாய் அசையிறதைப் பார்த்துத்தான் பதில் சொல்லுது. நான் வாயை மூடினவுடன ஒண்டுமில்லை. பின்னால நிண்டு பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தனான், திரும்பேல்லை."

நான் அத்தனை மாதமும் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "உனக்கென்ன காது செவிடோ?" என்று கத்தியிருக்கிறேன். ஒரு தரமல்ல, கிழமைக்கு இரண்டு மூன்று தரம். ஊருக்கெல்லாம் பிழை சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அன்றைக்குக் கோபிக்க எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு காதிலும் பழைய சீழ். ஒன்று கிட்டத்தட்டப் போய்விட்டது, மற்றதைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். மருந்து விட்டு மூன்று மாதத்தில், பக்கத்தில் இருந்து பேசினால் வலது காதால் கேட்கத் தொடங்கினாள். எழுத்துகளைக் கிடுகிடுவென்று பிடித்தாள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாகத்தான் வந்தாள். ஆனால் வந்தாள்.

அடுத்த வருடத்துக்குக் கூட்டங்களைப் பிரிக்க உட்கார்ந்தபோது வழக்கம் போலச் சண்டை. மிஞ்சியவர்களை யார் எடுப்பது? தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் அரிவரி ரீச்சரைப் பார்த்தேன். அவ கோப்பையைப் பார்த்தா. மாஸ்ரர் பத்திரிகையை மடித்தார்.

"சரி, சரி. அந்த மூண்டு பேரையும் என்னட்டை விடுங்கோ. ஆனா பிள்ளையள் இருக்கிற முன்வாங்கில ஒரு கால் ஆடுது. அதைத் திருத்தித் தராமல் நான் ஒருத்தரையும் அதில இருத்தமாட்டன்."

"பாப்பம்" என்றார் தலைமையாசிரியர்.

அன்று பின்னேரம் நானே ஒரு சுத்தியலும் இரண்டு ஆணியும் இரவல் வாங்கிக்கொண்டு வந்து அந்த வாங்கைக் கவிழ்த்துப் போட்டேன்.